யார் வீட்டுப் பிள்ளை

கூட வேலை பார்த்த அக்காவோடு வெளியே சாப்பிடப் போவதென்றால் எனக்கு உள்ளுக்குள் உதறும். சாப்பாடு வருவதற்கு முன்பே பரிமாறுகிறவரின் குடும்ப வரலாறு வந்துவிடும். "அண்ணே, நீங்க யாரு வூட்டுப் புள்ள?" என்று ஆரம்பிப்பார். தண்ணீர் வைக்க வந்த மனிதர் அப்பாவின் பெயரைச் சொல்லி, அப்பா ரப்பர்ப் பால் எடுக்க மரம் வெட்டிய தோட்டத்தைச் சொல்லி, தாய்மாமன் பட்டர்வொர்த் ரயில் நிலையத்தில் டிக்கெட் கிழித்தவர் என்பதுவரை சொல்லி முடித்த பிறகுதான் எங்கள் மேசைக்குத் தேநீர் வரும். நான் தலையைக் குனிந்துகொண்டு, இவரோடு வந்தவனே இல்லை என்கிற பாவனையில் கைப்பேசியை நோண்டிக்கொண்டிருப்பேன்.

கேள்வி கேட்ட முகத்தைப் பார்த்ததும் எல்லாரும் முதலில் கொஞ்சம் தடுமாறுவார்கள். அக்கா பார்வைக்கு அசல் சீனப் பெண்மணி. வாயைத் திறந்தால் பட்டர்வொர்த் பக்கத்து மாக் மண்டின் ஊர்த் தமிழ். பிறந்து ஒரு மாதம்கூட ஆகாத குழந்தையாக இருந்தபோது, மாக் மண்டினில் ஆணி செய்யும் தொழிற்சாலையில் வேலை பார்த்த தமிழர் ஒருவர் அவரைத் துண்டில் சுற்றி வாங்கிவந்து மகளாக வளர்த்தார். பெற்ற குடும்பம் எது என்று யாரும் சொல்லவில்லை, யாரும் கேட்கவும் இல்லை. எங்கள் பக்கம் இது ஊரறிந்த வழக்கம்தான். பொட்டு வைத்து, பூ வைத்து, தைப்பூசத்துக்குப் பால்குடம் எடுக்கும் சீன முகத்து மகள்களை நானே நாலைந்து பேரைப் பார்த்திருக்கிறேன்.

பாசார் சந்தையில் சீன மீன்காரர் அக்காவைக் கண்டதும் ஹொக்கியன் சீனத்தில் பொரிந்து தள்ளுவார். அக்கா பொறுமையாகக் கேட்டுவிட்டு, "தவுக்கே மொதலாளி, நீங்க பேசறது எனக்கு ஒரு மண்ணும் வெளங்கல லா. இந்த நண்டு எந்த ஊருது?" என்பார், தமிழில். பாவம் அந்த மனிதர், மலாயில் நண்டின் ஊரைச் சொல்வார். நண்டுக்கும் விலக்கு கிடையாது.

ஏன் இப்படிக் கண்டவரையெல்லாம் குடைகிறீர்கள் என்று ஒருநாள் ஃபெரியில் கேட்டேவிட்டேன். நாங்கள் இருவரும் அக்கரைக்காரர்கள். அவர் மாக் மண்டின், நான் செபராங் ஜெயா. தினமும் பட்டர்வொர்த்தில் ஃபெரி படகு பிடித்துத்தான் பினாங்குத் தீவுக்கு வேலைக்கு வருவோம்.

"ஆறு வயசுலேர்ந்து என்னையப் பார்த்த ஒடனே எல்லாரும் கேக்கற கேள்வி தம்பி அது. நீ யாரு வூட்டுப் புள்ள, நீ யாரு வூட்டுப் புள்ளன்னு. ஒரு நாளு முடிவு பண்ணேன். இனிமே நான்தான் முதல்ல கேக்கறது. கேட்டுப் பாரேன். அவங்க கதைய சொல்லி முடிக்கறதுக்குள்ள என் கதையக் கேக்க மறந்துடுவாங்க."

உண்மைதான். ஏழு வருடம் கூட வேலை பார்த்தேன். ஒரே ஒருவரைத் தவிர, யாரும் அக்காவிடம் அந்தக் கேள்வியைத் திருப்பிக் கேட்டு நான் பார்த்ததில்லை.

இந்தக் குணத்துக்குச் சம்பளமும் கொடுத்து ஓர் ஆராய்ச்சிக் கூடத்தில் உட்காரவைத்தால் எப்படி இருக்கும்? அப்படித்தான் இருந்தது. பினாங்கு அப்பக் கடைகளின் மாவில் வாழும் ஈஸ்ட்டைப் பற்றி எங்கள் கூடத்தில் ஒரு திட்டம் நடந்தது. ஈஸ்ட் என்றால் மாவைப் பொங்கவைக்கும் அந்தக் கண்ணுக்குத் தெரியாத ஜீவன்தான். அப்பக்காரர்கள் தினமும் முதல் நாள் மாவில் ஒரு கரண்டியை எடுத்துவைத்து மறுநாள் மாவில் கலப்பார்கள். ஆக, ஒரே ஈஸ்ட் குடும்பம் ஒரு டின்னுக்குள் வருடக்கணக்கில் பெற்றுப் பெருகிக்கொண்டிருக்கும். மாவை வாங்கிவந்து ஈஸ்ட்டை வளர்ப்பது என் வேலை. அதன் மரபணுக்களைக் கணினியில் வரிசைப்படுத்தி, ஒவ்வொன்றுக்கும் உலகத்தில் எங்கெங்கே சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள் என்று தேடுவது அக்காவின் வேலை. என்னுடையது நிரந்தர வேலை, அவருடையது ஒப்பந்தம். மூளை யாருக்கு அதிகம் என்பதை நிர்வாகம் கணக்கில் எடுப்பதில்லை.

அக்கா மரபணுக்களைப் பற்றிப் பேசுவதைக் கேட்டால் கல்யாணத் தரகர் தோற்றார். "இதுக்கு ஒண்ணுவிட்ட அண்ணன் நெல்லுல இருக்கு. இந்தா, இது வாழைக்காளானுக்குச் சித்தப்பா மொற." முகஜாடை சரியாகத் தெரியாத மரபணு வந்தால் அவரிடம் ஒரு வைத்தியம் இருந்தது. "மூஞ்சியப் பார்க்காத தம்பி, பக்கத்து வூட்டப் பாரு" என்பார். மரபணுக்கள் வரிசையாகத்தான் நிற்கின்றன. நாளாக ஆக ஒன்றின் ஜாடை அடையாளம் தெரியாமல் மாறிப்போகலாம். ஆனால் இடப்பக்கம் யார், வலப்பக்கம் யார் என்பது பெரும்பாலும் மாறாது. ஆளை விட்டுவிட்டு முகவரியைப் பிடி என்பதுதான் அவருடைய தொழில் ரகசியம்.

புதிய மரபணு எங்கிருந்து வருகிறது என்ற கேள்விக்கு அவர் சொன்ன விளக்கம் எங்கள் கூடத்தில் பிரசித்தம். எங்கள் புரொபசர் ஜார்ஜ் டவுனில் பிறந்த தமிழ் முஸ்லிம். சாது மனிதர். அவரை முன்னால் வைத்துக்கொண்டே அக்கா சொன்னார்.

"உங்க வாப்பாவுக்கு நாசி கண்டார் சோத்துக் கடை. ஆம்பளப் புள்ளைங்க ரெண்டு பேரு. பெரியவரு கடையில நின்னுட்டாரு, சோறு ஓடுது. அப்ப ரெண்டாவது ஆளு என்ன செஞ்சாத்தான் என்ன? ஊரு சுத்தலாம், கெட்டுப் போகலாம், புரொபசராவும் ஆகலாம். ஜீனும் அப்படித்தான் சார். தப்பித் தவறி ஒரு ஜீனுக்கு ரெண்டு காப்பி ஆயிடுது. ஒண்ணு பழைய வேலையப் பார்க்குது. இன்னொண்ணுக்குச் சுதந்திரம். மாறி மாறி ஒரு நாளு புது வேலை கத்துக்கும்."

"அப்ப நான் கெட்டுப் போன காப்பியா, புது ஜீனா?"

"அது இன்னும் முடிவாகல சார்."

புரொபசர் சிரித்த சிரிப்பில் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க வேண்டியதாயிற்று. பெரும்பாலான புதிய மரபணுக்கள் இப்படிப் பழையவற்றின் நகலிலிருந்து வந்தவைதான் என்பதை நான் பாடப் புத்தகத்தில் படித்திருந்தேன். புரிந்தது அன்றைக்குத்தான்.

திட்டத்தின் கடைசி வருடப் பிற்பாதியில், நாங்கள் மாவு எடுத்த கடைகளில் பதினொன்றாம் எண் கடையின் ஈஸ்ட்டில் ஒரு மரபணு மாட்டியது. சின்னது, ஆனால் வேலை செய்கிறது. அக்கா ஜாடை தேடினார். உலகத்தில் இதுவரை படித்துப் பதிந்துவைத்த உயிர்கள் எதிலும் ஒத்த முகம் இல்லை. அப்பா இல்லை, சித்தப்பா இல்லை, தூரத்துச் சொந்தம்கூட இல்லை. பக்கத்து வீட்டு வைத்தியமும் பலிக்கவில்லை. அந்த மரபணு, மரபணுக்கள் கோத்த சரமான குரோமோசோமின் ஓரத்தில் இருந்தது. அங்கே மரபணுவை எழுதியிருக்கும் எழுத்துகள் அடிக்கடி இடம் மாறும். நாங்கள் அறிந்த மற்ற ஈஸ்ட்டுகளில் அந்தத் துண்டு நிலமே இல்லை.

புரொபசர் தாளை வாங்கிப் பார்த்தார். "இந்த மாதிரி ஜீனுக்கு நம்ம துறையில ஒரு பேரு இருக்கு. அநாதைன்னு போட்டு ரிப்போர்ட்ட முடிச்சிடலாம்."

அக்கா எழுந்து நின்றார். "அநாதைன்னு யாரு சார் முடிவு பண்றது? நமக்குத் தெரியலன்னா அது நம்ம கோளாறு. அதுக்கு ஏன் அது தலையில எழுதறீங்க?"

குரல் நடுங்கியது. ஏழு வருடத்தில் அவர் குரல் நடுங்கி நான் கேட்டது அந்த ஒருமுறைதான். புரொபசருக்கும் சுருக்கென்று பட்டிருக்க வேண்டும். தாளை அக்காவிடமே திருப்பிக் கொடுத்தார்.

"சரி. வருசக் கடைசி வரைக்கும் தேடுங்க. அது எங்கேர்ந்து வந்ததுன்னு காட்டிட்டா, திட்டத்த நீட்டிக்கச் சொல்லிக் கேக்கறேன். இல்லன்னா அந்தப் பேருதான். திட்டமும் அதோட முடியும்."

திட்டம் முடிந்தால் அக்காவின் வேலையும் முடியும். அது எங்கள் மூன்று பேருக்கும் தெரியும். ஆனால் வெளியே வந்ததும் அவர் என்னிடம் வேலையைப் பற்றிப் பேசவில்லை. "அநாதையாம் லா" என்றார், இரண்டு தடவை.

அக்காவுக்கு ஒரு சந்தேகம் இருந்தது. மரபணுக்களுக்கு நடுவே எந்த வேலைக்கும் உதவாத எழுத்துகள் காலிமனைகளாக நிறையக் கிடக்கின்றன. அவற்றில் அங்கங்கே 'நிறுத்து' என்று பொருள்படும் எழுத்துகள் வந்து கெடுத்துக்கொண்டே இருக்கும். என்றைக்காவது ஓர் எழுத்து தற்செயலாக மாறி அந்தத் தடை அழிந்தால், காலிமனையில் திடீரென்று ஒரு வீடு எழுந்துவிடும். நகல் இல்லை, மூதாதை இல்லை, புத்தம் புதுசு. அபூர்வம்தான், ஆனால் நடக்கிறது. நிரூபிக்க ஒரே வழி, அந்த மனை இன்னும் காலியாகவே இருக்கும் ஒரு நெருங்கிய சொந்தத்தைக் கண்டுபிடிப்பது. அதாவது, பதினொன்றாம் எண் மாவுக்கு ஓர் அண்ணனோ தம்பியோ வேண்டும்.

பினாங்கு ரோட்டுப் பக்கம் ஒரு சந்தில் இருந்தது பதினொன்றாம் எண் கடை. ஐம்பதைத் தாண்டிய மனிதர், வாழைப்பழம் கலந்த அப்பத்துக்குப் பேர்போனவர். பழத்தை அப்பத்தின் மேல் வைப்பதல்ல, மாவிலேயே பிசைந்து கலந்துவிடுவார். அவருடைய குடும்பக் கதையை அக்கா ஏற்கெனவே கேட்டு, பதில் வராமல் திரும்பியிருந்தார். அக்காவின் ஏழு வருடச் சரித்திரத்தில் அது ஒரு கரும்புள்ளி. மறுபடியும் போனோம்.

"அண்ணே, உங்க மாவு யாரு வூட்டுப் புள்ள?"

"யாரு வூட்டுப் புள்ளையும் இல்ல. எங்கிட்டயே பொறந்துச்சு."

"மாவு தானா பொறக்குமா அண்ணே?"

"என்னோடது பொறந்துச்சு. அப்பம் வேணுமா, வேணாமா?"

வேண்டும் என்றோம். தின்றுகொண்டே அக்கா அவர் கையைக் கவனித்தார். மறுநாளைக்கென்று எடுத்துவைத்த மாவு ஒரு பால்மாவு டின்னில் இருந்தது. அதன் வாயைத் துணியால் மூடி, வாசனைப் பாண்டான் இலையை நூலாகக் கிழித்துச் சுற்றி, இடப்பக்கம் இரட்டை முடிச்சு போட்டிருந்தார். எனக்கு அதெல்லாம் கண்ணில் படவில்லை. எனக்கு அப்பம்தான் பட்டது.

இரண்டு வாரம் கழித்து, காலையில் ஃபெரிக்குப் போகும் வழியில், பட்டர்வொர்த் துறை அருகே அக்கா திடீரென்று என் கையைப் பிடித்து இழுத்தார். நான் குடித்துக்கொண்டிருந்த கோப்பி சட்டையில் கொட்டியது.

"தம்பி, முடிச்சப் பாரு!"

நடைபாதையில் ஓர் அப்பக் கடை. பழமில்லாத வெறும் அப்பம். அடுப்புக்குப் பக்கத்தில் ஒரு டின், அதே துணி, அதே பாண்டான் இலை, இடப்பக்கம் இரட்டை முடிச்சு. கடைக்காரருக்கு அறுபது இருக்கும். அக்கா நேரே போய் நின்றார்.

"அண்ணே, இந்த முடிச்சு போட உங்களுக்கு யாரு சொல்லிக் குடுத்தது?"

"எனக்குத் தம்பியே இல்ல" என்றார் அவர்.

"நான் தம்பியப் பத்திக் கேக்கவே இல்லியே அண்ணே."

அகப்பை அந்தரத்தில் நின்றது. பிறகு கதை தானாக வந்தது. அப்பாவும் அப்பக்காரர். அவர் போன பிறகு அண்ணன் தம்பி இருவரும் சேர்ந்து கடை போட்டார்கள். இருபத்திரண்டு வருடத்துக்கு முன் ஒருநாள் தம்பி வாழைப்பழத்தைப் பிசைந்து மாவில் கலந்தார். அண்ணன் மாவுப் பானையை அப்படியே சாக்கடையில் கவிழ்த்தார். தம்பி, மறுநாளைக்கு எடுத்துவைத்திருந்த இரண்டு டின்களில் ஒன்றைத் தூக்கிக்கொண்டு ஃபெரி ஏறிவிட்டார். அதற்குப் பிறகு பேச்சு வார்த்தை இல்லை. "அப்பத்துல வாழப்பழம் போடுவானா மனுசன்? நீயே சொல்லு" என்று என்னைப் பார்த்துக் கேட்டார். நான் சட்டையைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

தம்பியின் மாவில் புதிதாக ஒன்று இருக்கிறது, ஒப்பிட்டுப் பார்க்க உங்கள் மாவும் வேண்டும் என்று அக்கா விளக்கினார். அவர் முகம் இறுகியது.

"எங்கிட்ட இல்லாதது அவங்கிட்ட என்னா இருக்கு? ரெண்டு நாளு கழிச்சு வாங்க. நல்ல மாவா எடுத்து வெக்கறேன்."

அந்த இரண்டு நாட்களுக்கு நடுவில் ஒரு வேலையாகத் தம்பியின் சந்துக் கடைக்குப் போனோம். தம்பிக்காரர் ஒரே புலம்பல். "நேத்து ஒரு ஆளு வந்து சுடாத மாவு பொங்குஸ் பண்ணிக் கேட்டான். அப்பம் வேணாமாம், மாவு மட்டும் பொட்டலம் கட்டிக் குடுக்கணுமாம். ஊருல கிறுக்கனுங்க கூடிப் போச்சு." நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அத்தோடு மறந்தும் போனேன்.

அண்ணன்காரர் கொடுத்த மாவை நான்தான் வளர்த்தேன். லேசாக ஓர் இனிப்பு வாசனை அடித்த மாதிரி இருந்தது. எனக்கு அப்போது சளி. மூக்கை நம்பவில்லை.

முடிவு வந்தது. அண்ணனுடைய ஈஸ்ட்டிலும் அதே மரபணு, முழுசாக. புரொபசர் பெருமூச்சு விட்டார். "அப்ப அவங்க அப்பா காலத்துலேர்ந்தே இருக்கு. அதுக்கு மேல தேட நமக்கு வழியில்ல. முடிச்சிடலாம்." நானும் தலையாட்டினேன். எனக்குக் களைப்பு. உண்மையைச் சொன்னால், என் வேலை போகப்போவதில்லை என்ற தைரியமும்தான். அதை நினைத்தால் இப்போதும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

அக்கா மட்டும் திரையை விட்டு எழவில்லை. சாப்பிடவும் வரவில்லை. மூன்று மணிக்குக் கூப்பிட்டார்.

"தம்பி, இருவத்திரெண்டு வருசம் தனித்தனி டின்னுல இருந்திருக்கு. ஒரு எழுத்து, ஒத்த எழுத்துகூட மாறல. கூடப் பொறந்தவங்க இப்படியா இருப்பாங்க? இது அண்ணன் தம்பி இல்ல லா. ஒரே ஆளு, சட்டைய மாத்திக்கிட்டு வந்திருக்கான்." சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தார். "சுடாத மாவு வாங்கிட்டுப் போனான்னு சொன்னாரே, அது யாரு?"

மறுநாள் காலை அண்ணன்காரர் எங்களைப் பார்த்ததுமே அப்பச்சட்டியைத் தேய்க்க ஆரம்பித்தார். சுத்தமாக இருந்த சட்டி அது.

"அண்ணே, யார அனுப்பி வாங்குனீங்க?"

தேய்த்துக்கொண்டே சொன்னார். "ஃபெரியில வேலை செய்யற சிநேகிதன்."

"மாவுல பழம் இருந்திருக்குமே?"

"துணியில வடிகட்டினேன்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவருக்கு வரவில்லை. கண் கலங்கியிருந்தது. "அப்பா கையால டின்ன வாங்குனவன் நான். அவங்கிட்ட இருக்கறது எங்கிட்ட இல்லன்னு நாலு பேரு சொன்னா என் மூஞ்சிய எங்க வெச்சிக்கறது?"

அக்கா முக்காலியை இழுத்துப்போட்டு அவருக்கு எதிரில் உட்கார்ந்தார். "அண்ணே, இது போட்டி இல்ல. உங்ககிட்ட அது இல்லாம இருந்தாத்தான், அது எந்த எடத்துல பொறந்துச்சுன்னு என்னால காட்ட முடியும். காலி எடம் உங்ககிட்ட இருக்கு. நீங்க ஒளிச்சிட்டீங்கன்னா அத அநாதைன்னு எழுதிடுவாங்க. அப்படி எழுத நான் விட மாட்டேன். குடுங்க அண்ணே."

அவர் முடிச்சை அவிழ்த்தார். நாங்கள் கேட்காமலேயே இன்னொன்றும் சொன்னார். செபராங் ஜெயாவில் கட்டிக்கொடுத்த தங்கை, அப்பா இருந்தபோதே வாங்கிப்போன மாவை இன்னும் வீட்டில் பெருக்கி வைத்திருக்கிறாளாம். அக்கா முகம் மலர்ந்துவிட்டது. அண்ணனும் தம்பியும் வேறுபட்டால், மாறியது யார் என்று சொல்ல மூன்றாவது சாட்சி வேண்டுமே. தம்பி புதிதாகப் பெற்றாரா, அண்ணன் இருந்ததைத் தொலைத்தாரா? தங்கையின் மாவு தீர்த்துவிடும். என் வீட்டிலிருந்து நாலு தெரு தள்ளித்தான் அந்தத் தங்கை இருந்தார். எனக்குத் தெரியவில்லை. எனக்கு யாரையும் கேட்கும் பழக்கம் இல்லை.

அண்ணன் மாவிலும் தங்கை மாவிலும் அந்தத் துண்டு நிலம் அப்படியே இருந்தது. இடப்பக்கத்து மரபணு அதேதான், வலப்பக்கத்து மரபணு அதேதான். நடுவில் அதே எழுத்துகள், ஓர் எழுத்தைத் தவிர. அந்த ஓர் எழுத்தால் இரண்டு பேரிடமும் நட்ட நடுவில் 'நிறுத்து' என்று இருந்தது. தம்பியின் மாவில் மட்டும் அது மாறி, தடை விலகி, மரபணு கடைசிவரை ஓடியிருந்தது. பிறகு நான் பிராயச்சித்தமாக ஒரு மாதம் உழைத்து ஒன்று பார்த்தேன். வாழைப்பழம் கலந்த மாவில் தம்பியின் ஈஸ்ட் கொஞ்சம் முந்திப் பொங்குகிறது. அந்த மரபணுவை எடுத்துவிட்டால் அந்த முந்தல் போய்விடுகிறது. சண்டைக்கு அப்புறம், சண்டை போட்ட பழத்துக்குள்ளேயே பிறந்து நிலைத்த பிள்ளை.

புரொபசர் அறிக்கையிலிருந்து 'அநாதை' என்ற சொல்லைத் தாமே அடித்து நீக்கினார். திட்டம் இரண்டு வருடம் நீண்டது. பிறகு அக்கா ஈப்போவில் நிரந்தர வேலை கிடைத்துப் போனார். இப்போது எங்கள் கூடத்தில் யாரும் யாரையும் எதுவும் கேட்பதில்லை. வெளியே போனால் தேநீர் சீக்கிரம் வருகிறது. நன்றாகவே இல்லை.

கடைசியாகச் சொல்ல வேண்டியது, முடிவைச் சொல்லத் தம்பிக்காரர் கடைக்குப் போன நாள். அண்ணன் வரவில்லை. வெறும் அப்பம் நாலு கட்டி அக்கா கையில் கொடுத்திருந்தார். தம்பி பொட்டலத்தைப் பிரித்துப் பார்த்தார். யார் கொடுத்தது என்று கேட்கவில்லை. ஒன்றை எடுத்து மென்றார்.

"பழம் இல்லாம எப்படித்தான் திங்கறாங்களோ" என்றபடி இன்னொன்றை எடுத்தார். நாலும் தீர்ந்தது.

அக்கா மரபணுக் கதையை முழுக்கச் சொன்னார். அவர் கேட்டுக்கொண்டே அக்காவின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். யாரும் திருப்பிக் கேட்காத அந்தக் கேள்வி வந்துவிட்டது.

"எல்லாரையும் கேக்கறியே ஆத்தா. நீ யாரு வூட்டுப் புள்ள?"

அக்கா கையைத் துடைத்துக்கொண்டார். அவசரப்படவில்லை.

"மூஞ்சியப் பார்த்தா தெரியாது அண்ணே. பக்கத்து வூட்டச் சொல்றேன். மாக் மண்டின். இந்தப் பக்கம் லாரி டயர் கடைக்காரரு வூடு. அந்தப் பக்கம் கோயில் பூசாரி வூடு. நடுவுல பச்சக் கதவு வூடு."

"பச்சக் கதவா?" அவர் அடுப்பைத் தணித்தார். "ஆணி ஃபேக்டரி அண்ணன் வூடா? தினமும் வேலை விட்டு எங்க அப்பா கடைக்கு வருவாரே லா! ரெண்டு சாதா, ஒண்ணு ஓரம் கருகுனது. கருகுனது எதுக்குன்னு எங்கப்பா கேப்பாரு. எம் பொண்ணுக்கு அதான் புடிக்கும்பாரு." அக்காவை மறுபடியும் மேலும் கீழும் பார்த்தார். "அந்தப் பொண்ணா நீ?"

"ஆமா" என்றார் அக்கா.

கேட்க ஒரு கேள்விகூட அக்காவிடம் இல்லை. தட்டை மட்டும் நீட்டினார். தம்பிக்காரர் மூடியைப் போட்டு, கொஞ்சம் கூடுதலாக நேரம் விட்டு, ஓரம் கருகியதாக ஒன்றை எடுத்து அதில் வைத்தார்.